அடுக்கு மாறினால் அதிர்வெண்ணும் மாறும்: காம்போசிட் தகடுகளும் ஓடுகளும் அதிரும் விதம்

கார்பன் இழையும் எபாக்ஸி பிசினும் கொண்டு இரண்டு நீளமான பட்டைகள் செய்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் நான்கு அடுக்குகள். முதல் பட்டையில் மேலடுக்கிலும் கீழடுக்கிலும் இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன, நடுவில் உள்ள இரண்டு அடுக்குகளில் குறுக்குவாக்கில் ஓடுகின்றன. இரண்டாவது பட்டையில் இது அப்படியே தலைகீழ். எடை, தடிமன், இழையின் அளவு, பிசின் எல்லாமே ஒன்றுதான். ஒரு முனையை இறுக்கிப் பிடித்து மறு முனையைத் தட்டினால், முதல் பட்டை இரண்டாவதைவிட ஏறத்தாழ 2.2 மடங்கு அதிர்வெண்ணில் அதிரும். இசையின் கணக்கில் சொன்னால் ஒரு ஸ்தாயிக்கும் மேல்.

இரும்பிலோ அலுமினியத்திலோ இப்படி நடக்காது. அங்கே பொருளும் வடிவமும் தாங்கும் விதமும் தெரிந்தால் அதிர்வெண் தெரிந்துவிடும். இப்படி இழையும் பிசினும் சேர்த்து அடுக்கிய காம்போசிட்டிலோ, அடுக்குகளை எந்த வரிசையில், எந்தக் கோணத்தில் வைத்தார்கள் என்பதும் அதிர்வெண்ணைப் பெருமளவு தீர்மானிக்கிறது. இந்தத் துறையின் சமன்பாடுகள் பார்த்தவுடன் மிரட்டுவதற்குக் காரணமும் இதுதான். அவற்றின் பின்னால் இருக்கும் காரணங்கள் எளியவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை

எந்தப் பொருளையும் தட்டிவிட்டுச் சும்மா விட்டால் அது தனக்கே உரிய சில அதிர்வெண்களில் அதிரும். அவைதான் இயல்பு அதிர்வெண்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிர்வு வடிவம் உண்டு: எந்த இடம் மேலே போகிறது, எந்த இடம் கீழே வருகிறது, எந்தக் கோடு அசையாமல் நிற்கிறது என்பதன் படம் அது. அசையாமல் நிற்கும் கோடுகளைக் கணுக்கோடுகள் என்கிறோம். 1787-ல் எர்ன்ஸ்ட் கிளாட்னி, மணல் தூவிய தகட்டின் ஓரத்தில் வில்லால் இழுத்து இந்தக் கோடுகளைக் கண்ணுக்குக் காட்டினார். அந்தக் கோலங்களுக்குக் கணித விளக்கம் தந்ததற்காக 1816-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றவர் சோஃபி ஜெர்மைன். அவர் விளக்கத்தில் குறைகள் இருந்தன. ஓரங்களில் என்ன நிபந்தனை வைப்பது என்ற சிக்கலைத் தீர்த்து, மெல்லிய தகட்டின் கோட்பாட்டை 1850-ல் ஒழுங்குபடுத்தியவர் கிர்ச்சாஃப்.

இயல்பு அதிர்வெண் எதைப் பொறுத்தது? விறைப்பை நிறையால் வகுத்து அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் வருவது அது. விறைப்பு கூடினால் அதிர்வெண் ஏறும், நிறை கூடினால் இறங்கும். வெளியிலிருந்து வரும் விசை, உதாரணத்துக்கு இன்ஜினின் சுழற்சி, இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு உண்டாகும். அதிர்வின் ஆற்றலை விழுங்கி அதை அடக்கும் தன்மைக்குத் தணிப்பு என்று பெயர். தணிப்பு விகிதம் 1 சதவீதம் உள்ள அமைப்பில், அதே விசையை மெதுவாகக் கொடுத்தால் எவ்வளவு வளையுமோ அதைப்போல 50 மடங்கு வீச்சு ஒத்ததிர்வில் வரும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் இந்த எண்களை முன்கூட்டியே அறிய இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

அடுக்குத் தகடு: ஒரு பொருள், நான்கு குணகங்கள்

ஓர் அடுக்கில் இழைகள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும். இழை ஓடும் திசையில் அதன் யங் குணகம், அதாவது இழுப்புக்கு எதிரான விறைப்பு, சுமார் 140 ஜிகாபாஸ்கல். குறுக்கே வெறும் 10 ஜிகாபாஸ்கல், ஏனென்றால் அங்கே பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் பிசின். சறுக்குக் குணகம், அதாவது சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளுவது போன்ற சிதைவுக்கு எதிரான விறைப்பு, 5 ஜிகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். இந்த மூன்றோடு பாய்சான் விகிதமும் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பது) சேர்ந்து நான்கு எண்கள். இவை வழக்கமான மாதிரி மதிப்புகள்; இழையும் பிசினும் மாறினால் இவையும் மாறும். கீழே வரும் கணக்குகளுக்கு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் கார்பன் இழையின் லேசான எடையைத்தான் பேசுகிறார்கள். அதிர்வைப் பொறுத்தவரை அந்த லாபம் வரும் வழி கொஞ்சம் வேறு. அலுமினியத்துக்கு 70 ஜிகாபாஸ்கல், கன மீட்டருக்கு 2700 கிலோ. எல்லாத் திசைகளிலும் சமமாக இழை அடுக்கிய கார்பன் தகட்டுக்கு 50 ஜிகாபாஸ்கலுக்குச் சற்று மேல், கன மீட்டருக்கு 1600 கிலோ. தடிமன் ஒன்றாக இருந்தால் அதிர்வெண்ணில் கிடைக்கும் லாபம் 12 சதவீதம் அளவுக்குத்தான். எடையை ஒன்றாக வைத்தால் கார்பன் தகடு 1.7 மடங்கு தடிமனாக இருக்கலாம், அதிர்வெண்ணும் ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. பொருளின் விறைப்பைவிட, அது அனுமதிக்கும் தடிமன்தான் இங்கே பெரிய பங்கு வகிக்கிறது.

வெளி அடுக்குக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு

தகடு வளையும்போது நடுத்தளம் நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. மேற்பரப்பு நீண்டால் கீழ்ப்பரப்பு சுருங்குகிறது. நடுவிலிருந்து விலக விலக நீட்சி கூடுகிறது, அந்த நீட்சியை எதிர்க்கும் விசையின் நெம்புதூரமும் கூடுகிறது. இரண்டும் பெருக்கிக்கொள்வதாலும், அதை அடுக்கின் தடிமன் வழியே கூட்டுவதாலும், வளைவு விறைப்பில் ஓர் அடுக்கின் பங்கு தூரத்தின் கனத்தை (மும்மடியை) பொறுத்து அமைகிறது.

நான்கு சம அடுக்குகளில் நடு இரண்டும் மொத்தத் தடிமனில் பாதி. ஆனால் வளைவு விறைப்பில் அவற்றின் பங்கு பாதியின் கனம், அதாவது எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழும் வெளி அடுக்குகளுக்கே. இப்போது முதல் பட்டைக்குப் போடுவோம்: 140-ல் எட்டில் ஏழு, 10-ல் எட்டில் ஒன்று, கூட்டினால் 123.75. இரண்டாவது பட்டைக்கு 140-ல் எட்டில் ஒன்று, 10-ல் எட்டில் ஏழு, கூட்டினால் 26.25. விகிதம் 4.71. அதன் வர்க்கமூலம் 2.17. ஆரம்பத்தில் சொன்ன எண் இங்கிருந்துதான் வந்தது. பாய்சான் விளைவை இதில் விட்டிருக்கிறேன், முடிவை அது பெரிதாக மாற்றாது.

ஒன்று கவனிக்க வேண்டும். நான்கு ஓரமும் ஒரே மாதிரி தாங்கப்பட்ட சதுரத் தகட்டில் இந்த வரிசை மாற்றம் அதிர்வெண்ணை மாற்றவே மாற்றாது. தகட்டை 90 பாகை திருப்பி வைத்ததற்குத்தான் அது சமம். அடுக்கு வரிசையின் விளைவைத் தகட்டின் வடிவத்திலிருந்தும் தாங்கலிலிருந்தும் பிரித்துப் பேச முடியாது. "இந்த அடுக்குதான் சிறந்தது" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த வடிவத்துக்கு, எந்தத் தாங்கலுக்கு என்று உடனே கேட்க வேண்டும்.

ஏ, பி, டி: மூன்று விறைப்புத் தொகுதிகள்

எல்லா அடுக்குகளின் விறைப்பையும் தடிமன் வழியே கூட்டினால் மூன்று அணிகள் (மேட்ரிக்ஸ்) கிடைக்கின்றன.

1. ஏ: தகட்டைத் தன் தளத்திலேயே இழுப்பதற்கு எதிரான விறைப்பு. அடுக்கு வரிசை இதைப் பாதிக்காது.
2. டி: வளைப்பதற்கும் முறுக்குவதற்கும் எதிரான விறைப்பு. மேலே பார்த்த கன விதி இதில்தான் வருகிறது.
3. பி: இவை இரண்டையும் பிணைப்பது. பி பூச்சியமாக இல்லாவிட்டால், தகட்டை இழுத்தால் வளையும், வளைத்தால் நீளும்.

உலோகத் தகட்டில் பி கிடையாது. நடுத்தளத்துக்கு மேலும் கீழும் கண்ணாடிப் பிம்பம் போல் அடுக்கினால் காம்போசிட்டிலும் கிடையாது. சமச்சீர் குலைந்தால்தான் அது தலைகாட்டும். இந்தப் பிணைப்பை 1961-ல் ரைஸ்னரும் ஸ்டாவ்ஸ்கியும் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள்.

விளைவு எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரே ஒரு 0 பாகை அடுக்கும் (இழை நீளவாக்கில்) ஒரே ஒரு 90 பாகை அடுக்கும் (இழை குறுக்குவாக்கில்) ஒட்டிய தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பி-யை மறந்துவிட்டுக் கணக்கிட்டால் கிடைக்கும் வளைவு விறைப்பில் 44 சதவீதம்தான் உண்மையில் மிஞ்சுகிறது. தளத்தில் நீளத் தடை இல்லாத பட்டையானால் அதிர்வெண் 34 சதவீதம் குறைகிறது. அதே மொத்தத் தடிமனை எட்டு மெல்லிய அடுக்குகளாக, 0-வும் 90-உம் மாறி மாறி வைத்தால் பி நான்கில் ஒன்றாகிவிடும், அதிர்வெண் இழப்பு 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மெல்லிய அடுக்குகள் பலவாக வைப்பதற்கு இது நல்ல காரணம்.

சமச்சீரற்ற தகட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. உயர் வெப்பத்தில் இறுகிய தகடு ஆறும்போது அடுக்குகள் வெவ்வேறு அளவில் சுருங்கும். அதனால் அச்சிலிருந்து எடுக்கும்போதே அது வளைந்து வரும். தட்டையான தகட்டுக்குப் போட்ட கணக்கு, தட்டையாகவே இல்லாத பொருளுக்குப் பொருந்தாது அல்லவா.

டி அணிக்குள்ளேயும் ஒரு பிணைப்பு ஒளிந்திருக்கிறது: வளைவுக்கும் முறுக்குக்கும் இடையே. 45 பாகைபோல் சாய்வான அடுக்குகள் இருந்தால் அது வரும். +45-ம் -45-ம் சம எண்ணிக்கையில், சமச்சீராகவே அடுக்கியிருந்தாலும் வெளியே இருக்கும் கோணத்துக்குக் கன விதிப்படி கூடுதல் செல்வாக்கு என்பதால் பிணைப்பு முழுதாக அழியாது. அப்படிப்பட்ட தகட்டில் மணல் தூவினால் கணுக்கோடுகள் ஓரங்களுக்கு இணையாக நிற்காமல் சாய்ந்து கிடக்கும். சுத்தமான வளைவு, சுத்தமான முறுக்கு என்று அதிர்வு வடிவங்களைப் பிரிக்க முடியாது.

இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். 1984 டிசம்பரில் முதலில் பறந்த எக்ஸ்-29 சோதனை விமானத்தின் இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்தவை. அப்படிப்பட்ட இறக்கை காற்றின் விசையில் மேலே வளையும்போது முன்விளிம்பு தூக்கி முறுக்கிக்கொண்டு, விசை இன்னும் கூடி, இறக்கை உடையும் வரை போகக்கூடியது. கார்பன் அடுக்குகளைக் கோணம் பார்த்து வைத்து, வளையும்போது எதிர்ப்பக்கம் முறுக்கும்படி செய்தே அதை அடக்கினார்கள். உலோகத்தில் இதற்கு இறக்கையை மிகக் கனமாக்க வேண்டியிருந்திருக்கும்.

சறுக்கு: மெல்லிய தகடு எப்போது மெல்லியது இல்லை

கிர்ச்சாஃபின் கோட்பாடு ஓர் அனுமானத்தில் நிற்கிறது: தகட்டின் நடுத்தளத்துக்குச் செங்குத்தாக வரைந்த கோடு, வளைந்த பிறகும் செங்குத்தாகவே இருக்கும். அதாவது தடிமன் வழியே சறுக்குச் சிதைவு இல்லை. உலோகத்தில் யங் குணகம் சறுக்குக் குணகத்தைப்போல 2.6 மடங்கு என்பதால் இது பெரும்பாலும் செல்லும். நம் கார்பன் அடுக்கில் அந்த விகிதம் 28. சறுக்கை அலட்சியம் செய்ய முடியாது.

நீளம் தடிமனைப்போல 10 மடங்கு உள்ள, இரு முனையிலும் எளிய தாங்கல் கொண்ட பட்டைக்கு (முனை மேலும் கீழும் நகராது, ஆனால் சாயலாம்) கணக்கிட்டால், சறுக்கால் முதல் அதிர்வெண் உலோகத்தில் 1.3 சதவீதம் குறைகிறது. ஒரே திசையில் இழை ஓடும் கார்பன் பட்டையில் 11 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. 20 மடங்கு நீளத்தில் இது 3.3 சதவீதம், 50 மடங்கில் அரை சதவீதம்.

சரி, 30 மடங்கு நீளம் என்றால் பயம் இல்லை என்று விட்டுவிடலாமா? முதல் அதிர்வெண் மட்டும் போதுமென்றால் விடலாம். மூன்றாவது அதிர்வு வடிவத்தில் பட்டை மூன்று துண்டுகளாகப் பிரிந்து அதிர்கிறது. ஒவ்வொரு துண்டும் தடிமனைப்போல 10 மடங்குதான். ஆக, அங்கே பிழை மறுபடியும் 11 சதவீதம். பார்க்க வேண்டியது தகட்டின் நீளத்தை அல்ல, அதிர்வு அலையின் நீளத்தை. மாணவர்கள் அதிகம் தவறும் இடம் இது என்பது என் எண்ணம்.

இதைச் சரிசெய்ய வந்த கோட்பாடுகளின் வரிசை இப்படி:

1. முதல்நிலைச் சறுக்குக் கோட்பாடு. ரைஸ்னர் 1945-லும் மிண்ட்லின் 1951-லும் தந்த வழி. செங்குத்துக்கோடு நேராகவே இருக்கும், ஆனால் சாயலாம். சறுக்கு தடிமன் முழுதும் ஒரே அளவு என்று கொள்வதால் ஒரு திருத்தக் காரணி தேவை, வழக்கமாக ஆறில் ஐந்து. அந்த எண் ஒரே பொருளாலான தகட்டுக்கு உரியது. அடுக்குகள் மிகவும் வேறுபட்டால் அது பொருந்தாது.
2. உயர்நிலைக் கோட்பாடுகள். செங்குத்துக்கோடு வளையவும் செய்யலாம். 1984-ல் ஜே. என். ரெட்டி தந்த மூன்றாம்படிக் கோட்பாடு மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் சறுக்கு பூச்சியம் என்பதைத் தானே நிறைவேற்றுகிறது, திருத்தக் காரணி வேண்டாம்.
3. அடுக்குவாரிக் கோட்பாடுகள். ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி இயக்கம். நடுவில் மிக மென்மையான பொருளை வைத்த சாண்ட்விச் தகட்டுக்கு இவை அவசியம். கணக்குச் சுமையும் அதிகம்.

இவற்றில் எது சரி என்று உரசிப் பார்க்க உரைகல் வேண்டும். முப்பரிமாண மீள்தன்மைச் சமன்பாடுகளைத் துல்லியமாகத் தீர்த்த விடைகள்தான் அவை. நிலையான பாரத்துக்கு பகானோ 1969-லும் 1970-லும் தந்தார். தடித்த அடுக்குத் தகட்டின் அதிர்வுக்கு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீநிவாஸ், ஜோகா ராவ், ஏ. கே. ராவ் மூவரும் 1970-ல் தந்தார்கள். புதிய கோட்பாடு கொண்டு வருபவர்கள் இன்றும் அந்த எண்களோடு ஒப்பிடுகிறார்கள்.

தகடு வளைந்தால்: ஓடு

தட்டையாக இல்லாமல் வளைந்த மேற்பரப்பு கொண்டதை ஓடு என்கிறோம். விமான உடல், ராக்கெட்டின் மூக்குக் கவசம், அழுத்தக் கலன் எல்லாம் ஓடுகள். வளைவு வந்தவுடன் ஒரு புதிய விஷயம் நுழைகிறது: ஓடு உள்ளும் வெளியும் அசைய வேண்டுமானால் தன் தளத்தில் நீளவோ சுருங்கவோ வேண்டியிருக்கிறது. ஓடு மெல்லியதானால் அதை வளைப்பது எளிது, நீட்டுவது கடினம். அதனால் சிறு வளைவு கூட அதிர்வெண்ணைத் தூக்கிவிடும்.

எவ்வளவு சிறு வளைவு? நான்கு ஓரமும் எளிய தாங்கலில் உள்ள சதுரத் தகட்டை ஒரு திசையில் மட்டும் வளைத்து, நடு உயரம் தகட்டின் தடிமன் அளவுக்கு இருக்கும்படி செய்தால் முதல் அதிர்வெண் ஏறத்தாழ 20 சதவீதம் ஏறும். ஒரு மீட்டர் சதுரத் தகட்டில் 4 மில்லிமீட்டர் தடிமனுக்கு 4 மில்லிமீட்டர் மேடு. கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். இரட்டிப்பாக்கினால் 67 சதவீதம். இது ஒரே பொருளாலான தகட்டின் கணக்கு, போக்கு காம்போசிட்டிலும் இதேதான். சமச்சீரற்ற தகடு ஆறும்போது வளைந்துவிடும் என்று மேலே சொன்னது ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

உருளை ஓட்டில் இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. தகட்டில் எளிய அதிர்வு வடிவத்துக்கே மிகக் குறைந்த அதிர்வெண். உருளையில் அப்படி இல்லை. 1 மீட்டர் ஆரம், 2 மீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள உலோக உருளையை, இரு முனையும் வட்டம் கெடாமல் பிடித்து, டானலின் எளிமைப்படுத்திய சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், சுற்றளவில் 6 அலைகள் கொண்ட வடிவம்தான் எல்லாவற்றிலும் குறைந்த அதிர்வெண்ணில் வருகிறது. சுற்றளவில் 2 அலைகள் மட்டும் கொண்ட எளிய வடிவத்துக்கு அதைப்போல சுமார் 4 மடங்கு.

காரணம் இரண்டு ஆற்றல்களின் இழுபறி. சுற்றளவில் அலைகள் குறைவாக இருந்தால் ஓடு அதிகம் நீள வேண்டும். அலைகள் கூடக் கூட நீட்சி வேகமாகக் குறைகிறது, ஆனால் வளைவு கூர்மையாகிக்கொண்டே போகிறது. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும் இடத்தில் மொத்தம் மிகக் குறைவு. இதை 1949-ல் அர்னால்டும் வார்பர்டனும் சோதனையிலும் கணக்கிலும் விளக்கினார்கள்.

இங்கேதான் அடுக்கு வரிசை தன் முழு அதிகாரத்தைக் காட்டுகிறது. நீட்சி விறைப்பு ஏ-யில் இருக்கிறது, வளைவு விறைப்பு டி-யில் இருக்கிறது. நீளவாக்கு இழைகள் ஒன்றை ஏற்றும், சுற்றுவாக்கு இழைகள் இன்னொன்றை ஏற்றும். சுற்றுவாக்கு இழைகளை வெளி அடுக்குகளுக்கு மாற்றினால் ஏ மாறாமல் டி மட்டும் மாறி, மிகக் குறைந்த அதிர்வெண் வரும் அலை எண்ணிக்கையே 6-லிருந்து வேறொன்றுக்கு நகரலாம். ஆகவே முதல் அதிர்வெண்ணை மட்டும் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்குக் கணக்கிட்டு நிறுத்துவது ஆபத்து. எல்லா அலை எண்ணிக்கைகளையும் வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணினியில் போடும்போது

இன்று பெரும்பாலான கணக்குகள் ஃபைனைட் எலிமென்ட் முறையில்தான். தகட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து மென்பொருள் தீர்த்துவிடும், வண்ணப் படமும் தரும். படம் அழகாக இருப்பதால் விடை சரி என்று ஆகாது. அடிக்கடி வழிதவறும் இடங்கள்:

1. இழைக் கோணத்தை எந்த அச்சிலிருந்து அளக்கிறோம் என்பது. வளைந்த ஓட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளூர் அச்சு திரும்பியிருக்கும். 0 என்று நினைத்தது சில கட்டங்களில் 90 ஆகிவிட்டால் மென்பொருள் எச்சரிக்காது.
2. சறுக்குப் பூட்டு. சறுக்கைக் கணக்கில் எடுக்கும் சில எளிய கட்டங்கள், தகடு மிக மெல்லியதாகும்போது பொய்யாக விறைத்துவிடும். அதிர்வெண் எக்கச்சக்கமாக ஏறித் தெரியும்.
3. கட்டங்களின் நுணுக்கம். முதல் அதிர்வு வடிவத்துக்குப் போதுமான கட்டங்கள், 6 அலைகள் கொண்ட வடிவத்துக்குப் போதாது.
4. ஓரங்களின் தாங்கல். இரு முனையும் இறுக்கிப் பிடித்த பட்டைக்கும் எளிய தாங்கலில் உள்ள பட்டைக்கும் முதல் அதிர்வெண்ணில் வித்தியாசம் 2.27 மடங்கு. போல்ட் போட்ட உண்மையான ஓரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

நான்காவதுதான் மற்ற மூன்றையும்விடப் பெரியது. கோட்பாட்டின் 3 சதவீதப் பிழைக்கு இரவு பகலாக உழைத்துவிட்டு, தாங்கலை ஊகித்துப் போடுவதில் பொருளில்லை.

தணிப்பு

இழைத் திசையில் வளையும்போது ஆற்றலைச் சேமிப்பது பெரும்பாலும் கார்பன், அது கொஞ்சம்தான் விழுங்கும். சறுக்கும்போது சிதைவது பிசின், அது அதிகம் விழுங்கும். எனவே 45 பாகை அடுக்குகள் அதிகமானால் தணிப்பு கூடும், அதிர்வெண் இறங்கும். வடிவமைப்பாளர் இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. இயக்க விசையின் அதிர்வெண் நிலையாக ஓரிடத்தில் இருந்தால் விறைப்பை நாடி அதிலிருந்து விலகுவது நல்லது. ராக்கெட் ஏவும்போது வரும் இரைச்சல் போல எல்லா அதிர்வெண்களும் கலந்து வந்தால் விலகி ஓட இடமில்லை, தணிப்பே துணை.

அளந்து பார்ப்பதும் சேதம் தேடுவதும்

தாங்கல் தொல்லையைத் தவிர்க்கவே, சோதனையில் தகட்டை மென்மையான ரப்பர் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். அப்போது எல்லா ஓரமும் சுதந்திரம், கணினியில் அதை அப்படியே போட முடியும். விசை அளக்கும் சிறு சுத்தியலால் தட்டி, ஒட்டிய முடுக்கமானியிலிருந்து அதிர்வெண்களைப் படிக்கலாம். மெல்லிய தகட்டில் சில கிராம் எடையுள்ள முடுக்கமானியே அதிர்வெண்ணை இறக்கிவிடும் என்பதால் லேசர் கருவியால் தொடாமல் அளப்பது மேல். அளந்த அதிர்வெண்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்தத் தகட்டின் உண்மையான யங் குணகங்களைக் கண்டுபிடிப்பதும் நடைமுறையில் உள்ளது.

காம்போசிட்டில் ஒரு பெரிய பயம், அடுக்குகள் உள்ளே பிரிந்துபோவது. வெளியே தெரியாது. பிரிந்த இடத்தில் இரண்டு மெல்லிய தகடுகள் தனித்தனியாக வளைவதால், கன விதிப்படி விறைப்பு விழுந்துவிடும். சரியாக நடுவில் பிரிந்தால் அந்த இடத்தின் விறைப்பு சுமார் நான்கில் ஒன்று. நாணயத்தால் தட்டி, ஒலி மந்தமாகும் இடத்தைக் காதால் தேடும் பழைய முறை இன்றும் பயன்படுவது இதனால்தான். முழு அமைப்பின் அதிர்வெண்கள் எப்படி இறங்கின என்பதிலிருந்து சேதம் எங்கே என்று ஊகிக்கும் வழியை 1979-ல் காலியும் ஆடம்ஸும் காட்டினார்கள்.

சிறிய பிரிவு முதல் அதிர்வெண்ணை மிகக் கொஞ்சம்தான் மாற்றும், உயர் அதிர்வெண்களையே அதிகம் தொடும். அதே அளவு மாற்றத்தை ஒரு வெயில் நாளும் தரலாம், ஏனென்றால் சூட்டில் பிசின் இளகும். ஈரத்தை உறிஞ்சினால் பிசின் இளகுவதோடு எடையும் கூடும். அதனால் அளவெடுக்கும்போது வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் உடன் குறித்து வைக்கிறார்கள். சேதம் சில அதிர்வெண்களை அதிகமும் சிலவற்றைக் குறைவாகவும் இறக்கும், வெப்பம் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கும். தேடுபவர்கள் பார்ப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.